எட்டு ஏரியும் ஒரு புதுசும்

ஜனவரி 7, 2002. திங்கள்

காலையில் ஒரே பனி. மலை இருந்த இடமே தெரியவில்லை. சைக்கிள் சீட் நனைந்து கிடந்தது. தாவணித் தலைப்பால் துடைத்தேன். அம்மா பார்த்துவிட்டாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அரையாண்டு மார்க் வந்தது. தமிழ் 81. கணக்கு 44 (வீட்டில் 54 என்று சொல்லியிருக்கிறேன்). சமூக அறிவியல் 88. கலைக்கும் 88. பேசி வைத்துக்கொண்டு எழுதியது போல. இரண்டு பேரும் பெஞ்சில் தட்டித் தட்டிச் சிரித்தோம். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச், ஒரே டிபன் மூடி, மார்க்கும் ஒன்றானால் என்ன?

ப. மிஸ் (பத்மா மிஸ், சமூக அறிவியல்) ஒரு பெரிய அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். டிரெயினிங்குக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்த விளையாட்டாம். பாடத்துக்குப் பதில் இனி வாரம் இரண்டு மூன்று நாள் கடைசி பீரியடில் இதுதான். வகுப்பே கத்தியது.

அட்டை நடுவில் பச்சையாக ஒரு மலை. சுற்றி வட்டமாக ரோடு. ரோட்டில் எட்டு ஏரி, ஒன்று முதல் எட்டு வரை நம்பர் போட்டு. நான்கு பேர் ஒரு குழு. ஆளுக்கு ஒரு சட்டைப் பொத்தான், அதுதான் காய். (பொத்தான் எல்லாம் ரஹ்மத் கொண்டுவந்தது. அவள் அப்பா டெய்லர்.) மழைச்சீட்டைத் திருப்பினால் ஒரு நம்பர் வரும். அந்த ஏரியில் ஒரு புளியங்கொட்டை வைக்கவேண்டும். ஒரே ஏரியில் மூன்று கொட்டை சேர்ந்தால் கரை உடைந்தது, ஆட்டம் முடிந்தது. எந்தக் கரையும் உடையாமல் மழைச்சீட்டுக் கட்டு தீர்ந்துவிட்டால் ஜெயிப்பு. நம் முறை வரும்போது பக்கத்து ஏரிக்கு நகர்ந்து அங்கே ஒரு கொட்டையை எடுக்கலாம். இதுபோக ஆளுக்கு ஒரு உதவிச் சீட்டு, கையில் மறைத்து வைத்துக்கொள்ளலாம். உதவிச் சீட்டில் பெரியது மதகுச் சீட்டு. அதைப் போட்டால் எந்த ஏரியாக இருந்தாலும் சுத்தமாகக் காலி.

கலை கேட்டாள், "மிஸ், இதுல யாரு ஜெயிப்பாங்க?"

"தனியா யாரும் ஜெயிக்க முடியாது. ஜெயிச்சா நாலு பேரும், தோத்தா நாலு பேரும்."

இது என்ன விளையாட்டோ!

எங்கள் குழுவில் மட்டும் மூன்று பேர்தான். நான், கலை, ரஹ்மத். ஆள் பற்றவில்லை. எனக்கு அதுவே போதும்.

நல்ல விஷயம்: நடுவில் மலை, சுற்றி எட்டு, எங்கள் கிரிவல ரோட்டில் எட்டு லிங்கம் இருப்பது போலவே. பார்த்ததும் எனக்குத் தோன்றிவிட்டது. "மிஸ், ஒண்ணு ரெண்டுனு ஏன் சொல்லணும்? இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம்னு வெச்சா மறக்காது இல்ல?" மிஸ் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நல்ல ஐடியா புவனா!" வகுப்பு முழுக்க அந்தப் பெயர்தான் இப்போது. கலை என் கன்னத்தைக் கிள்ளி, "அடி அண்ணாமலைக்காரின்னா சும்மாவா" என்றாள் (என் ஊர் அடி அண்ணாமலை). கன்னம் இன்னும் வலிக்கிறது. பரவாயில்லை.

எல்லாக் குழுவும் தோற்றது.

ஜனவரி 9. புதன்

மறுபடியும் எல்லாரும் காலி. எங்களுக்கு நிருதி லிங்கத்தில் கரை உடைந்தது. என் காய் அதைத் தாண்டி இப்போதுதான் வருண லிங்கத்துக்கு வந்திருந்தது. சுற்றி வருவதற்குள் மூன்றாவது கொட்டை விழுந்துவிட்டது.

மிஸ் மண்டையைச் சொறிந்துகொண்டிருந்தார். "டிரெயினிங்ல எல்லாரும் மூணாவது ஆட்டத்துலயே ஜெயிச்சிட்டோம். நீங்க இன்னாடி இப்படித் தோக்குறீங்க?"

அடுத்த குழுவில் சண்டை. ஒருத்தியால்தான் தோற்றோம் என்று மற்ற மூன்று பேரும் அவளோடு பேசவில்லை. எங்கள் குழுவில் அந்தக் கதையே கிடையாது. கலை என்ன யோசிக்கிறாள் என்று அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். ரஹ்மத் எதற்கும் "சரி, போடு" என்பாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

சாயங்காலம் கலை வீடு வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனோம். ஈசானிய லிங்கம் திரும்பினால் அவள் வீடு, அதற்கு அப்புறம் நான் ஏறி மிதித்தால் அடி அண்ணாமலை. அவள் வீட்டு வாசலில் நின்று அரை மணி நேரம். அவள் அம்மா, "உள்ள வந்து பேசுங்கடி, காலு வலிக்காதா" என்றார்.

வாங்க வேண்டியது: ரீபில், ஊக்கு, அப்பாவுக்கு ஜலதோஷ மாத்திரை.

ஜனவரி 11. வெள்ளி

பொங்கல் லீவுக்கு முந்தின நாள் யாராவது பள்ளிக்கூடத்தில் சேருவார்களா? சேர்ந்திருக்கிறாள்.

பெயர் சுமதி. கீழ்பென்னாத்தூர். அவள் அம்மாவுக்கு இங்கே ஆசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு வீட்டில் சமையல் வேலை கிடைத்திருக்கிறது. செங்கம் ரோட்டில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒல்லி. ஒரே ஜடை. ஆம்பளை வாட்ச்.

மிஸ் எங்கள் பெஞ்சைப் பார்த்தார். "இங்கதான் மூணு பேரு. புவனா, கொஞ்சம் நகரு."

நகர்ந்தேன். ஓரமாக உட்காரவைப்பார் என்று பார்த்தால், நடுவில்! எனக்கும் கலைக்கும் நடுவில்! ரஹ்மத் பக்கம் இடம் இல்லையா? காலியாகத்தானே கிடந்தது?

மத்தியானம் டிபன் மூடியை அவள் தலைக்கு மேலே கலையிடம் நீட்டவேண்டியிருந்தது. மல்லாட்டை உருண்டை (வேர்க்கடலைதான்) ஒன்று அவள் மடியில் விழுந்துவிட்டது. எடுத்துச் சாப்பிட்டுவிட்டாள். "நல்லா இருக்குது. வெல்லம்தான் கொஞ்சம் கம்மி" என்றாள். கேட்டேனா நான்?

கலை சிரித்தாள்.

ஜனவரி 18. வெள்ளி

லீவு முடிந்தது. வெயில் ஏறிவிட்டது. பொங்கலுக்கு எடுத்த வளையல் எல்லாம் உடைந்து இரண்டுதான் மிச்சம்.

இன்று நடந்ததை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புதுசுக்கு (அவளை இப்படித்தான் எழுதப்போகிறேன்) விளையாட்டை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். முழுசாக, பொறுமையாக, லிங்கம் பெயரெல்லாம் வரிசையாக. அவள் கேட்டுவிட்டு, "அப்ப ஆறாம் நம்பர்தான் வாயு லிங்கமா? எனக்கு நம்பரே போதும்" என்றாள்.

ஆட்டம் பாதியில். அவள் காய் குபேர லிங்கத்தில். வாயு லிங்கத்தில் இரண்டு கொட்டை. இன்னொன்று விழுந்தால் காலி. சுற்றி வர ஏழு நகர்த்தல் வேண்டும். நாங்கள் மூன்று பேரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தோம். புதுசு தன் பொத்தானைச் சும்மா ஒரு விரலால் பின்னால் தள்ளினாள். குபேரத்திலிருந்து வாயுவுக்கு. ஒரு கொட்டையை எடுத்து வெளியே வைத்தாள்.

ரஹ்மத்கூட வாயைத் திறந்தாள். "ஏய், அப்படிப் போவக்கூடாது!"

"ஏன்?"

"அது வந்து..." ரஹ்மத் என்னைப் பார்த்தாள்.

நான் சொன்னேன், "மலை வலது கைப்பக்கமா இருக்கணும். இந்தப் பக்கமாத்தான் சுத்தணும். எதிர்ப்பக்கமா போவக்கூடாது."

"யாரு சொன்னது? மிஸ் சொன்னாங்களா?"

சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை! வகுப்பே திரும்பிப் பார்த்தது. மிஸ் ஓடிவந்து, ஒவ்வொரு குழுவின் அட்டையையும் எட்டிப் பார்த்தார். எல்லாக் காயும் ஒரே பக்கமாகத்தான் போயிருக்கிறது. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். "அடிப் பாவிங்களா! கிரிவலமா போயிட்டிருந்தீங்க? ரெண்டு பக்கமும் போலாம்டி!"

லிங்கம் பெயர் வைத்ததால் வந்த வினை என்று யாரோ பின்னாலிருந்து சொன்னது என் காதில் விழுந்தது. யார் என்று தெரியும். சொல்லிக்கொள்ளட்டும்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "உங்க ஊருல மலை இல்ல, அதனால உனக்கு ஒண்ணும் இல்ல. எங்களுக்கு அப்படிப் போவ மனசு வராது" என்றேன்.

புதுசு கோபப்படவில்லை. அதுதான் எரிச்சல். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டாள், "நீ அடி அண்ணாமலைதானே? சாயங்காலம் இங்கிருந்து வூட்டுக்கு எந்தப் பக்கமா போற?"

ஈசானியம், குபேரம், வாயு, அப்புறம் வீடு. தினம். தலைகீழாக.

கலை விழுந்து விழுந்து சிரித்தாள். பெஞ்சைத் தட்டித் தட்டி.

ஜனவரி 21. திங்கள்

ஜெயித்தோம். வகுப்பிலேயே முதல் குழு. மிஸ் எங்கள் நாலு பேருக்கும் கைதட்டச் சொன்னார்.

எனக்கு மட்டும் ஜெயித்த மாதிரி இல்லை. ஆட்டம் முழுக்க கலை, "சுமதி, இப்ப இன்னா பண்றது? சுமதி, நான் எங்க போவட்டும்?" முன்பெல்லாம் என்னைத்தான் பார்ப்பாள். கேட்கக்கூட மாட்டாள், பார்ப்பாள்.

புதுசு சொன்னதில் ஒன்று தப்பு. ரஹ்மத்தை எம லிங்கத்துக்குப் போகச் சொன்னாள். அது வீண், அங்கே கொட்டையே இல்லை. நான் சொன்னேன், "அவ அங்க போனா அக்னிக்கு யாரு இருக்கா?" புதுசு பார்த்தாள், "ஆமா, நீ சொல்றது சரி" என்று மாற்றிக்கொண்டாள். அதனால்தான் ஜெயித்தோம். ஆனால் அதை யார் பார்த்தார்கள்?

மத்தியானம் அவள் டிபனில் தவிட்டு நிறத்தில் ஒரு பிரெட். அவள் அம்மா வேலை செய்யும் வீட்டில் வெள்ளைக்காரர்கள் சாப்பிடுவதாம். மேலே தேன். கலை கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டு, "சூப்பர்டி" என்றாள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். மாட்டுக்கு வைக்கிற புண்ணாக்கைச் சுட்ட மாதிரி இருந்தது. அப்படியே சொன்னேன். கலை, "உனக்கு இன்னா தெரியும்" என்றாள்.

என் டிபன் மூடி திரும்பி வந்தது. மூன்று உருண்டையும் அப்படியே. பொங்கலுக்கு மிஞ்சிய மல்லாட்டை, அம்மா விடியற்காலையில் எழுந்து பிடித்தது. இந்தத் தடவை வெல்லம் ஜாஸ்தியாகப் போடச் சொல்லியிருந்தேன். (ஏன் சொன்னேன் என்று கேட்கக்கூடாது.)

ஜனவரி 22. செவ்வாய்

நாலரை மணி. சைக்கிள் ஸ்டாண்டில் நின்றேன். நின்றேன். நின்றேன்.

ரஹ்மத் வந்து, "கலை போயிட்டாளே. சுமதிகூட செங்கம் ரோட்டுக்கு. அங்க ஒரு வெள்ளைக்காரம்மா பூனைக்கு ஸ்வெட்டர் போட்டிருக்காங்களாம், பாக்கப் போயிருக்காங்க" என்றாள்.

பூனைக்கு ஸ்வெட்டர்.

கலை வீடு வடக்கே. செங்கம் ரோடு தெற்கே. இந்த நாலு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னோடு அடி அண்ணாமலை வரை வந்திருக்கிறாளா? "தூரம்டி, அம்மா திட்டும்" என்பாள். இன்று தூரம் இல்லை. அம்மா திட்டவில்லை.

தனியாக மிதித்து வந்தேன். வாயு லிங்கத்துப் பக்கம் செயின் கழன்றுவிட்டது. கையெல்லாம் கிரீஸ். வீட்டுக்கு வந்தால் அம்மா, "இன்னாடி, மூஞ்சி இப்படித் தொங்குது?" என்றாள். செயின் என்றேன்.

எனக்குப் பொறாமையா என்று கேட்டால் இல்லை. கோபம்தான். ரஹ்மத் கலையோடு பேசினால் எனக்கு ஒன்றும் ஆகாது. சத்தியமாக. இவள்தான்.

ஜனவரி 24. வியாழன்

தலைவலி. பிசிக்ஸ் நோட்டு இன்னும் முடிக்கவில்லை.

ஆட்டம். உதவிச் சீட்டு பிரித்துக் கொடுத்தார்கள். திருப்பிப் பார்த்தேன். மதகு. என் கையில் மதகு!

புதுசு நன்றாகத்தான் ஆடினாள். எல்லாம் அவள் திட்டம். கலை தலையாட்டி, ரஹ்மத் "சரி, போடு". கடைசியில் எம லிங்கத்தில் இரண்டு கொட்டை, யாருடைய காயும் பக்கத்தில் இல்லை. சீட்டுக்கட்டில் நாலே சீட்டு மிச்சம்.

"யாருகிட்டயாவது மதகு இருக்குதா? இருந்தா இப்பப் போட்டுடலாம்" என்றாள் புதுசு.

ரஹ்மத் இல்லை என்றாள். கலை இல்லை என்றாள். என்னைப் பார்த்தார்கள்.

"இல்ல."

அடுத்த சீட்டே எம லிங்கம். மூன்றாவது கொட்டை. கரை உடைந்தது. பக்கத்துக் குழு கைதட்டியது.

"என் தப்புதான். ஒரு ஆளை அங்கேயே நிக்க வெச்சிருக்கணும்" என்றாள் புதுசு. முகம் சுருங்கிவிட்டது. அது வேண்டும் என்றுதான் நான் இருந்தேன். பார்த்தேன். நன்றாக இருந்தது, ஒரு நிமிஷம்.

ஆனால் கலை முகமும் சுருங்கியிருந்தது. ரஹ்மத் முகமும். இந்த விளையாட்டில் ஒருத்தியை மட்டும் தோற்கடிக்க வழியே வைக்கவில்லை ப. மிஸ். என்ன விளையாட்டு இது!

சீட்டுகளைச் சேர்த்தது கலை. என் கையிலிருந்து வாங்கும்போது திருப்பிப் பார்த்தாள். கட்டுக்கு அடியில் செருகிவிட்டாள்.

ஜனவரி 25. வெள்ளி

இன்று கலை என்னோடு வந்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. நான் முட்டாள் மாதிரி சந்தோஷப்பட்டேன்.

வடக்கு வீதி முடிகிற இடத்தில் நின்றாள். "நேத்து உன் கையில மதகு இருந்துச்சு."

"நான் சரியா பாக்கல."

"புவனா."

"சரி, இருந்துச்சு. இப்ப இன்னா?"

"ஏன்டி?"

"நீ ஏன்டி பூனையப் பாக்கப் போன?"

"பூனைக்கும் இதுக்கும் இன்னாடி?"

பேசிக்கொண்டே குரல் ஏறிவிட்டது. பூக்காரம்மா கையில் சரத்தோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்ச், டிபன் மூடி, உருண்டை, "உனக்கு இன்னா தெரியும்" என்றது. ஒன்றையும் விடவில்லை. கலை கேட்டுக்கொண்டே நின்றாள்.

"நான் யாருகூட வேணா பேசுவேன். உன்னக் கேட்டுத்தான் பேசணுமா? நாலு வருஷமா உன்கூடவே தானே இருக்கேன். எங்க போறேன், யாருகூட போறேன், ஏன் லேட்டு, ஏன் சிரிச்ச. மூச்சு முட்டுதுடி எனக்கு."

"மூச்சு முட்டுதா?"

"ஆமா."

போய்விட்டாள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றேன். ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனது.

மூச்சு முட்டுதாம்.

ஜனவரி 26. சனி

குடியரசு தினம். கொடி. ஆரஞ்சு மிட்டாய், ஆளுக்கு இரண்டு. வெயிலில் நின்று இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். நான் விழவில்லை. விழுந்திருந்தாலாவது கலை வந்து பார்த்திருப்பாள்.

வரிசையில் எனக்கு முன்னால் கலை, அவளுக்கு முன்னால் புதுசு. கலை தன் மிட்டாயில் ஒன்றைப் புதுசு கையில் வைத்தாள். நான் என்னுடைய இரண்டையும் ஒரேயடியாகக் கடித்துத் தின்றேன். பல் கூசுகிறது.

ஜனவரி 28. திங்கள்

பௌர்ணமி. பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். நாலு மணிக்கே ரோட்டில் ஜனம்.

பௌர்ணமி என்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. அப்பா கடைக்கு வெளியே மேஜை போட்டு சுண்டல், டீ, சோடா. அம்மா அடுப்பில். நான் சுண்டல் பொட்டலம். தினத்தந்தி காகிதம் கிழித்துக் கிழித்துக் கை கறுப்பு. "பாப்பா, இன்னும் எவ்ளோ தூரம்மா?" என்று நூறு பேர் கேட்டிருப்பார்கள். "இதோ, பாதிக்கு மேல வந்துட்டீங்க" என்று நூறு தடவை சொன்னேன்.

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கலையும் அவள் அம்மாவும் சுற்றி வருவார்கள். எங்கள் கடையில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்குத் தனியாக இஞ்சி போட்ட டீ, அப்பா காசு வாங்கமாட்டார். இன்றைக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள்.

அவள் அம்மா, அவள், கூடவே புதுசு.

நான் கிழித்த காகிதத்தில் சுண்டலைக் கட்டாமல் கீழே கொட்டிவிட்டேன். அப்பா, "கண்ணு எங்கடி இருக்குது?" என்றார்.

கலை என்னைப் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து செருப்பில்லாத காலைப் பிடித்துக்கொண்டாள். அவள் அம்மா மட்டும் வழக்கம்போல, "புவனா, நல்லா இருக்கியாம்மா? ஏன் வூட்டுப் பக்கமே காணோம்?" நான் தலையாட்டினேன். எங்கள் சண்டையைக் கலை அவரிடம் சொல்லவில்லை போல.

புதுசு மேஜைக்கு வந்தாள். முதல் தடவை சுற்றுகிறாளாம். பாதம் சிவந்து போயிருந்தது. கூட்டத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள், "நீ அன்னிக்கு சொன்னது சரிதான். இதுல எதிர்ப்பக்கமா வந்தா மிதிச்சே கொன்னுடுவாங்க."

நான் அடுத்த காகிதத்தைக் கிழித்தேன்.

"நானும் ஒரு பொட்டலம் கட்டட்டுமா? ஒரே கூட்டமா இருக்குதே."

"வேணாம்."

கேட்காமலே மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து காகிதம் கிழிக்க ஆரம்பித்தாள். அளவாகக் கிழித்தாள். கை வேகம். அவள் அம்மா சமையல் வேலை என்பதால் பழக்கம் போல. கலை அம்மா எழுந்து, "போலாமா?" என்றபோதுதான் நிறுத்தினாள். அப்பா அவளுக்கும் இஞ்சி டீ கொடுத்தார். "யாரும்மா இது, நல்ல பொண்ணா இருக்குது" என்றார்.

இனி அப்பாவும்.

மூன்று பேரும் வாயு லிங்கத்துப் பக்கம் போகிற கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். கலை ஒரு தடவையாவது திரும்புவாள் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். புதுசுதான் திரும்பிக் கையாட்டினாள்.

ஜனவரி 30. புதன்

கைவலி. இரண்டு நாளாகப் பேனா பிடிக்க முடியவில்லை. சுண்டல் வியாபாரம் நன்றாக இருந்தது என்று அப்பா சந்தோஷம்.

மிஸ் சொன்னார்: திங்கட்கிழமை கல்வி ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வருகிறார்கள். இந்த விளையாட்டைப் பார்க்க. ஒரே ஒரு குழுதான் ஆடிக் காட்டவேண்டும். எங்கள் குழு!

"ஆனா அவங்களுக்கு நேரம் கம்மி. அதனால நாலு காய் வேணாம், ரெண்டு காய் போதும். ஒரு காய்க்கு ரெண்டு பேர். பேசிப் பேசித்தான் நகத்தணும், அதுதான் அவங்க பாக்கணும். யாரு யாருக்கு ஜோடின்னு நீங்களே முடிவு பண்ணுங்க. வெள்ளிக்கிழமை ஒவ்வொருத்தரையா கேப்பேன்."

ஜோடி!

எனக்கு ஒரே நினைப்புதான். கலை என் பெயரைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். பூனை, மிட்டாய், மூச்சு முட்டினது, எல்லாவற்றையும் மறந்துவிடுவேன். சத்தியமாக மறந்துவிடுவேன். மதகுக்கு மன்னிப்புக் கேட்பேன், வேண்டுமானால் புதுசிடமும் கேட்பேன். அவள் பெயரைக்கூட முழுசாக எழுதுவேன்.

சொல்லாவிட்டால்?

கலையோடு பேசி ஐந்து நாள் ஆகிறது. இன்று தண்ணிக் குழாய் பக்கம் நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "உனக்கு பிசிக்ஸ் நோட்டு வேணுமா?" என்றேன். (முடிக்கவே இல்லை.) "வேணாம், சுமதிது இருக்குது" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 1. வெள்ளி

காலையிலேயே வெயில் சுள்ளென்று. அம்மா தலையில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிட்டாள். கலைக்குப் பிடித்த கனகாம்பரம் வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கலை, மிஸ். கலைவாணி, மிஸ். எனக்குக் கலை, மிஸ்.

கடைசி பீரியட். நாலு பேரையும் முன்னால் நிறுத்தினார்.

"ரஹ்மத்?"

"யாரா இருந்தாலும் ஓகே மிஸ்."

"கலைவாணி?"

"சுமதி, மிஸ்."

மிஸ் கேட்டு முடிக்கவே இல்லை. அதற்குள் சொல்லிவிட்டாள். ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசித்துவிட்டு அவள் பெயரையே சொல்லியிருந்தாலும் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. தரையைப் பார்த்தேன். சாக்பீஸ் துண்டு ஒன்று கிடந்தது.

"சுமதி, உனக்கும் கலைதானே?"

"இல்ல மிஸ். புவனா."

நான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மிஸ்ஸுக்கே ஆச்சரியம். "ஏன்?"

"கலை நான் இன்னா சொன்னாலும் சரின்றா மிஸ். ரஹ்மத்தும் சரின்றா. நான் தப்பா சொன்னா யாருக்குத் தெரியும்? புவனாதான் இது தப்புன்னு சொல்லுவா. அவளுக்கு என்னப் புடிக்காது, அதனால நல்லா கவனிப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்ஸும். சிரிக்காதது இரண்டு பேர். நான், கலை.

கலை என்னைப் பார்த்தாள். ஒரு வாரமாகப் பார்க்காத கண். உதடு கோணிக்கொண்டு, மூக்கு விடைத்து. எனக்குத் தெரியாத முகம் இல்லை அது. கண்ணாடியில் பார்த்திருக்கிறேன், மூன்று வாரமாக.

"புவனா, நீ சொல்லு. உன் இஷ்டம்தான். கலையா, சுமதியா?"

காலையிலிருந்து வாயிலேயே வைத்திருந்த பெயர். கலை கண்ணால் கெஞ்சினாள். நான் அவள் பெயரைச் சொல்லிவிடவேண்டும் என்று. என்மேல் பிரியத்தால் இல்லை, சுமதி எனக்குப் போய்விடக்கூடாது என்று. அது எனக்கு நன்றாகவே புரிந்தது, நாலு வருஷமாக அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே புரிந்துகொள்கிறவள்தானே நான்.

"சுமதி, மிஸ்."

கலை பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து டெஸ்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ரஹ்மத் முதுகைத் தடவிவிட்டாள்.

பெல் அடித்ததும் சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்தேன். சுமதி பின்னாலேயே வந்தாள். "ஆட்டத்துக்காகத்தான் உன் பேரைச் சொன்னேன். வேற ஒண்ணும் நெனச்சிக்காத. அன்னிக்கு நீ மதகு மறைச்சது எனக்கும் தெரியும். கலை சீட்டைச் செருகும்போதே பாத்தேன். திங்கக்கிழமை அப்படி ஏதாவது பண்ணே, அந்த மேடம் முன்னாடியே அறைஞ்சிடுவேன்."

"அறைஞ்சிப் பாரு" என்றேன். சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும்.

அப்போது கலை எங்களைத் தாண்டிப் போனாள். தனியாக. எங்கள் சிரிப்பைக் கேட்டுக்கொண்டேதான் போனாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கலாம். கால் ஒரு அடி எடுத்தது, அப்புறம் நின்றுவிட்டது. அப்படியே சுமதியோடு இன்னும் சத்தமாகச் சிரித்தேன்.

இப்போது எழுதும்போது அழுகிறேன். காகிதம் நனைகிறது. அதனால் என்ன. திங்கட்கிழமை அவள் எங்களுக்கு எதிரில் உட்கார்ந்துதான் ஆடவேண்டும். உட்காரட்டும். பார்க்கட்டும். நன்றாக வயிறு எரியட்டும் அவளுக்கு.